கைபடாமல் வளர்ந்த குழந்தைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளிலிருந்து ஏறத்தாழ 1960 வரை, குழந்தையைத் தேவைக்கு மேல் தூக்காமலும் கொஞ்சாமலும், அழுதாலும் நேரம் வரும்வரை எடுக்காமலும் வளர்ப்பதே அறிவுக்குப் பொருந்திய முறை என்றொரு வழக்கம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செல்வாக்குடன் இருந்தது. மருத்துவமனைகளிலும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லங்களிலும் உருவான அந்த வழக்கம், மருத்துவர்கள் எழுதிய கையேடுகளின் வழியாகப் படித்த குடும்பங்களின் வீடுகளுக்குள்ளும் நுழைந்து, பாட்டியின் மடியை மூடநம்பிக்கையின் இருப்பிடமாகவும் தொட்டிலின் தனிமையை ஒழுக்கப் பயிற்சியாகவும் காட்டியது. தோலில் படும் ஒரு கை மூளையில் என்னென்ன செய்கிறது என்பதை இன்றைய நரம்பியல் நரம்பிழை அளவுக்கு இறங்கி விளக்குகிறது என்பது உண்மையே. ஆயினும் அந்த வழக்கத்தை உடைத்தது நரம்பியல்தான் என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் புறம்பாகும். உடைத்தவர்கள் ஒரு சில மருத்துவர்களும் செவிலியரும் தாய்மார்களுமே. நரம்பியல், வழக்கு ஏறக்குறைய முடிந்தபின் கூண்டேறிய சாட்சி.

கைவிடப்பட்ட குழந்தைகளை ஒரே கூரையின்கீழ் திரட்டி வளர்க்கும் ஏற்பாடு ஐரோப்பாவில் பழையது. ஃபுளோரன்ஸ் நகரத்துப் பட்டு வணிகர் சங்கம் 1419இல் புருனெல்லெஸ்கி என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு எழுப்பத் தொடங்கிய இன்னொசென்டி இல்லம் 1445இல் தன் முதல் குழந்தையை ஏற்றது. லண்டனில் தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் 1739இல் அரச பட்டயம் பெற்று அத்தகைய இல்லம் ஒன்றை நிறுவினார். பல நகரங்களில் இல்லத்தின் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்க, கொண்டுவருபவர் முகம் தெரியாமலேயே குழந்தை உள்ளே போய்விடும். அறச்சிந்தனையில் பிறந்த இந்த இல்லங்களில்தான் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தன என்பது அவற்றை நடத்தியவர்களையே திகைக்க வைத்த செய்தி. பஞ்சம், பாலின்மை, வயிற்றுப்போக்கு, தொற்று என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லப்பட்டது. ஒவ்வொன்றும் ஓரளவு உண்மையாகவும் இருந்தது. ஆனால் உணவும் தூய்மையும் சீரான பிறகும் சாவு நிற்கவில்லை. நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஹென்றி டுவைட் சேப்பின், அமெரிக்க நகரங்கள் சிலவற்றிலிருந்த பத்துக் குழந்தை இல்லங்களைப் பற்றி 1915இல் அளித்த அறிக்கையில், ஒன்றைத் தவிர மற்ற எல்லா இல்லங்களிலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவருமே இறந்திருந்ததைப் பதிவு செய்தார். காரணம் புலப்படாமல் குழந்தை மெலிந்துகொண்டே போய் இறப்பதற்கு மருத்துவர்கள் ‘மராஸ்மஸ்’ என்று பெயரிட்டிருந்தனர். மெலிவு என்பதற்கு மேல் அந்தக் கிரேக்கச் சொல் எதையும் விளக்கவில்லை.

இல்லத்தில் இறப்புக்குக் காரணம் கிருமி என்று கொண்டால், மருந்து பிரித்துவைத்தல் என்றாகும். கிருமிக் கொள்கை வெற்றி பெற்ற காலம் அது. பாஸ்டர், கோக் ஆகிய அறிவியலாளர்கள் கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் காட்டிவிட்ட பிறகு, குழந்தையைத் தொடும் ஒவ்வொரு கையும், முத்தமிடும் ஒவ்வொரு வாயும் ஐயத்துக்குரியதாயிற்று. கட்டில்களுக்கு இடையே தடுப்புகள் வந்தன. செவிலியர் முகமூடி அணிந்தனர். பெற்றோர் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர். குறைமாதக் குழந்தைகளைப் பொறுத்தவரை இந்தப் பிரிவுக்கு ஒரு கருவியே கிடைத்தது. பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் ஸ்தெஃபான் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, விலங்குக் காட்சிச் சாலை ஊழியர் ஒருவரைக் கொண்டு 1880 வாக்கில் செய்வித்த இன்குபேட்டர், சில்லிட்டுப் போய் இறந்திருக்கக் கூடிய குழந்தைகள் பலவற்றைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த பியேர் புதேன், 1900இல் வெளியிட்ட நூலில், குழந்தையிடமிருந்து பிரிக்கப்பட்ட தாய்மார் சிலர் நாளடைவில் அதன்மேல் பற்றிழந்துவிடுவதைக் கவலையோடு குறித்திருக்கிறார். அந்தக் கவலையைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. இன்குபேட்டரோ சந்தைக்கே போய்விட்டது. நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைப் பூங்காவில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் இன்குபேட்டருக்குள் கிடக்கும் உயிருள்ள குழந்தைகளைக் காட்சிக்கு வைத்து, பார்வையாளரிடம் 25 சென்ட் வசூலித்து, அந்தப் பணத்தில் பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காமல் சிகிச்சையளித்தார். கட்டணம் செலுத்திய எவரும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்க்கலாம் என்னும் அந்தக் காட்சியைவிட அக்காலத்தைத் தெளிவாகக் காட்டும் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

மருத்துவமனையின் விதி வீட்டின் விதியானது கையேடுகளால். லூத்தர் எம்மெட் ஹோல்ட் 1894இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் வினா விடை வடிவில் அமைந்து, பல பதிப்புகள் கண்டு, அமெரிக்க வீடுகளில் மறைநூலுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. காசநோயும் தொண்டை அடைப்பானும் பரவும் என்பதால் முத்தமிடக் கூடாது, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையோடு விளையாடவே கூடாது என்பவை அதன் அறிவுரைகள். நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்னும் மருத்துவர் 1907இல் தொடங்கிய ப்ளங்கெட் சங்கம் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டுமே பால், இரவில் பாலே இல்லை என்னும் கடிகார ஒழுங்கை அந்நாட்டின் பொது வழக்கமாக்கியது. கிங் அதற்கு முன் மனநோய் மருத்துவமனை ஒன்றின் தலைவராக இருந்தவர், அதன் பண்ணையில் கன்றுகளுக்கு அளந்து பாலூட்டிப் பார்த்தவர் என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்த ஒழுங்கின் வாடை பிடிபடும்.

ஆயினும் கிருமி பற்றிய அச்சத்தை மனம் பற்றிய கோட்பாடாக மாற்றியவர் ஜான் பி. வாட்சன். உள்ளம், உணர்ச்சி என்பனவற்றை ஒதுக்கிவிட்டு வெளியே காணும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்னும் நடத்தையியல் கொள்கையின் தந்தையான அவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு வயது நிரம்பாத குழந்தையை அச்சத்துக்குப் பழக்கிக் காட்டிய சோதனையை 1920இல் வெளியிட்டு, அதே ஆண்டில் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, விளம்பர நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். துணைவி ரோசலி ரேய்னரின் உதவியோடு அவர் 1928இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல், தாயன்பை ஓர் ஆபத்தான கருவியாகவே நடத்துகிறது. குழந்தையை அணைக்கவோ மடியில் அமர்த்தவோ கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் இரவில் உறங்கப் போகும்போது நெற்றியில் ஒருமுறை முத்தமிடலாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்பது அதன் போதனை; கொஞ்சி வளர்க்கப்பட்டவர் முழு வாழ்விலும் பிறரைச் சார்ந்து நிற்பார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்நியாயத்துக்கு அடிப்படையாக அவரிடம் சோதனைச் சான்று ஏதும் இருக்கவில்லை. இரண்டாண்டு கழித்து, 1930இல், ரோசலி ரேய்னரே பெற்றோருக்கான இதழ் ஒன்றில் நடத்தையியலாளரின் பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பதன் இக்கட்டை எழுதி, கணவரின் கொள்கையோடு தம் மனம் முழுக்க ஒத்துப் போகவில்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். வாட்சனும் 1936இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், அந்த நூலை எழுதப் போதிய அறிவு தமக்கு இல்லாதிருந்தது என்று வருந்தினார். வருத்தம் வந்தபோது நூல் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது.

இந்த வழக்கத்துக்குள்ளேயே அதை மீறியவர்களும் இருந்தனர். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்தில் ஆர்தர் ஷ்லோஸ்மன் நடத்திய குழந்தை மருத்துவமனையில், மருத்துவம் எதற்கும் பிடிபடாத குழந்தைகளை இடுப்பில் சுமந்துகொண்டு திரிந்த முதியவள் ஒருத்தியிடம் ஒப்படைப்பார்கள், பெரும்பாலும் அவை தேறிவிடும் என்றொரு செய்தி மருத்துவர் வட்டாரங்களில் சொல்லப்பட்டு வந்தது. நம்பத் தகுந்த புள்ளிவிவரம் அதற்கில்லை என்றாலும், அக்கால மருத்துவர்களின் மனத்தில் எது உறுத்திக்கொண்டிருந்தது என்பதை அது காட்டுகிறது. நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் குழந்தைப் பிரிவுக்குத் தலைமையேற்ற ஹாரி பாக்வின், கை கழுவும்படி எச்சரித்த பலகைகளை அகற்றிவிட்டு, உள்ளே வருபவர் ஒரு குழந்தையையாவது தூக்காமல் போகக் கூடாது என்று பலகை வைத்தார். தொற்று கூடும் என்று அஞ்சப்பட்டதற்கு மாறாக அங்கே இறப்பு குறைந்தது. பச்சிளங்குழந்தையின் தனிமை பற்றி அவர் 1942இல் எழுதிய கட்டுரை, ‘தனிமை’ என்னும் சொல்லை மருத்துவ இதழுக்குள் கொண்டுவந்ததாலேயே குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களின் நடுவிலேயே, நோயுற்ற குழந்தையோடு தாயையும் சேர்த்து அனுமதித்தார்.

தனித்தனிக் குரல்களாக இருந்தவற்றை வாதமாக்கியவர் ரெனே ஸ்பிட்ஸ். வியன்னாவில் பிறந்து, நாஜிகளின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா வந்த அந்த உளப்பகுப்பாய்வாளர், 1945இல் இரண்டு நிலையங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்று, சிறையிலிருந்த பெண்கள் தம் குழந்தைகளைத் தாமே வளர்த்த காப்பகம். மற்றொன்று, தூய்மையிலும் மருத்துவக் கவனிப்பிலும் குறையில்லாத, ஆனால் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலி என்ற அளவிலேயே ஆள் இருந்த இல்லம். இரண்டாவதில் கட்டில்களின் கம்பிமேல் துணி தொங்கவிடப்பட்டிருந்ததால் குழந்தை மாதக்கணக்கில் பார்த்தது மேற்கூரையை மட்டுமே. அந்த இல்லத்தின் 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு வயது முடியுமுன் இறந்தனர். சிறைக் காப்பகத்தில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் ஓட்டைகள் உண்டு என்று 1955இல் சாமுவேல் பின்னோ விரிவாகக் காட்டினார், அந்த விமர்சனத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் ஸ்பிட்ஸ் 1947இல் வெளியிட்ட மௌனப் படத்தில் தெரியும் குழந்தைகளின் முகங்களை விமர்சனம் எதுவும் அழித்துவிடவில்லை.

ஆனாலும் மருத்துவமனை வாயில் திறக்கவில்லை. 1949இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரத்தைத் தொகுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, கைஸ் மருத்துவமனையில் நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 முதல் 4 மணி வரை பார்க்கலாம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுவதும் சந்திப்பே கிடையாது, உறங்கும் குழந்தையை மாலை 7 முதல் 8 வரை பார்த்துவிட்டுப் போகலாம். பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதே செவிலியரின் வாதம். அந்த அமைதி நலத்தின் அடையாளமா, நம்பிக்கையிழப்பின் அடையாளமா என்று கேட்டவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போரின்போது குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பணியாற்றியவரும் பின்னர் மனநல மருத்துவர் ஜான் போல்பியின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தவருமான அவர், குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கையடக்கக் கேமராவில் பதிவு செய்து, 1952 நவம்பரில் லண்டன் அரச மருத்துவக் கழகத்தில் திரையிட்டார். அரங்கிலிருந்த மருத்துவர்கள் சினந்து, தங்கள் தொழிலை இழிவுபடுத்துவதாகக் கூறினர். குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதன் தீங்கு பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காகப் போல்பி எழுதிய அறிக்கை அதற்கு முந்தைய ஆண்டே, 1951இல், வெளிவந்திருந்தது. பார்வை நேரத்துக்குத் தடை வேண்டாம் என்று அரசு அமைத்த பிளாட் குழு 1959இல்தான் பரிந்துரைத்தது. பரிந்துரையை மருத்துவமனைகள் ஒத்திப்போட்டபோது, 1961இல் லண்டன் பாட்டர்சீ பகுதித் தாய்மார்கள் ஒரு சங்கம் கூட்டி, மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று அதை நடைமுறையாக்கப் போராடினர். இந்தக் கட்டத்தில், மனிதரின் நரம்பில் வருடலைச் சுமக்கும் இழை எது என்று யாருக்கும் தெரியாது.

விலங்குச் சோதனை இதற்கிடையில் நடந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ, தாய்க் குரங்குகளிடமிருந்து பிறந்த சில மணி நேரத்தில் பிரிக்கப்பட்ட ரீசஸ் குட்டிகள் கூண்டின் தரையில் விரித்த துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விட மறுப்பதைக் கவனித்து, கம்பியால் ஒன்றும் மென்துணி போர்த்தியது ஒன்றுமாக இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்துவிட்டுத் துணித் தாயிடமே திரும்பி, நாளின் பெரும்பகுதியை அதன்மேல் ஒட்டிக்கொண்டே கழித்தன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையாக 1958இல் அவர் இதை வெளியிட்டபோது, பால் தருவதால்தான் குழந்தை தாயை நாடுகிறது என்னும் அக்காலத்து நம்பிக்கை ஆட்டம் கண்டது. துணித் தாயிடம் வளர்ந்த குட்டிகளும் பின்னாளில் கூட்டத்தோடு சேர முடியாமல், தாயானபின் தம் குட்டிகளைப் பேண அறியாமல் திண்டாடின என்பது அந்தச் சோதனையின் பிற்பகுதி. அதை விட்டுவிட்டு மென்துணியை மட்டும் பேசுபவர்கள் பாதிக் கதையைச் சொல்பவர்கள். ஹார்லோ பிற்காலத்தில் குரங்குகளை முழுத்தனிமையில் அடைத்து நடத்திய சோதனைகள், அன்பை நிறுவுவதற்கு அவ்வளவு கொடுமை தேவைப்பட்டதா என்னும் கேள்வியை விட்டுச் சென்றுள்ளன. தேவைப்படவில்லை என்பதே நேர்மையான விடை.

நரம்பியலின் பக்கத்தில் முதல் தடயம் 1939இலேயே கிடைத்திருந்தது. சுவீடனின் இங்வே சோட்டர்மன், பூனையின் தோல் நரம்பில், மெதுவாக வருடும்போது மட்டும் துடிக்கும் ஒருவகை நுண்ணிழையைக் கண்டார். தொடுவுணர்வைச் சுமக்கும் வழக்கமான நரம்பிழை, மையலின் என்னும் கொழுப்புறை போர்த்தி, நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கொண்டு செல்லும். எது பட்டது, எங்கே பட்டது, எவ்வளவு அழுத்தம் என்பதை அதுதான் சொல்லும். சோட்டர்மன் கண்ட இழைக்கு அந்த உறையில்லை. அது நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து செல்வது, ஆகவே அவசரச் செய்திக்கு உதவாதது. மனிதருக்கு அது கிடையாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையைச் சோதிக்கக் கருவி வேண்டியிருந்தது. உப்சாலாவில் ஹாக்பார்த்தும் வால்போவும் 1960களின் இறுதியில், விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள் மயிரினும் மெல்லிய ஊசி செலுத்தி ஒற்றை இழையின் துடிப்பைக் கேட்கும் முறையை உருவாக்கினர். அம்முறையால் 1988-90இல் முகத்திலும் 1993இல் முன்கையிலும் அந்த மந்த இழை மனிதருக்கும் உண்டு என்று தெரிந்தது. சி-தொடுகை இழை என்பது அதற்கு வழங்கும் பெயர்.

அதன் பணி என்ன என்பது ஒரு நோயால் துலங்கியது. விரைவு இழைகள் அனைத்தும் அழிந்து, மூக்குக்குக் கீழே தொடுவுணர்வை இழந்த ஒரு நோயாளியின் முன்கையை மென்தூரிகையால் வருடியபோது, எங்கே எப்படி வருடுகிறார்கள் என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் மெலிதான ஓர் இதம் மட்டும் தெரிந்தது. ஹாகன் ஒலாவ்சன் குழுவினர் 2002இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வருடலின்போது நோயாளியின் மூளையில் தொடுவுணர்வுக்குரிய மேற்பரப்புப் பகுதி விழிக்காமலிருக்க, இன்சுலா என்னும் உள்மடிப்புப் பகுதி விழித்தது. பசி, வலி, இதயத் துடிப்பு, உடற்சூடு போன்ற உடலின் உள்நிலைச் செய்திகளையும் உணர்ச்சிகளையும் ஒன்றிணைக்கும் இடம் அது. எனவே மனிதத் தோலில் இரண்டு தொடுகைகள் இருக்கின்றன: ஒன்று உலகத்தை அறிவதற்கு, மற்றொன்று, தன்னை யாரோ தொடுகிறார்கள் என்று உணர்வதற்கு. இந்த இரண்டாம் இழை, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் வருடலுக்கே மிகுதியாகத் துடிக்கிறது என்று 2009இலும், தோலின் சூட்டை ஒத்த ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் வெப்பமே அதற்கு உகந்தது என்று 2014இலும் கண்டறியப்பட்டது. பெற்றோரிடம் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் குழந்தையை வருடச் சொன்னால் அவர்கள் கை தானாகவே அந்த வேகத்தில்தான் நகர்கிறது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் காலை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் காலின்மேல் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் பாட்டிக்கு இந்த எண்கள் தேவைப்பட்டதில்லை. கல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தைக்கு அவ்வாறு தேய்ப்பதைப் பார்த்து வியந்த பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபிரெடெரிக் லபோயே அதைப் படநூலாக 1976இல் வெளியிட்ட பிறகுதான், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது ஐரோப்பாவில் வகுப்பெடுத்துக் கற்பிக்கும் கலையாயிற்று.

தொடுகை உணர்வோடு நிற்காமல் வளர்ச்சியையும் தொடுகிறது என்பது எலியிலிருந்து வந்த அறிவு. டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் குழுவினர், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலிக்குஞ்சின் உடலில் வளர்ச்சி ஹார்மோன் சட்டென்று சரிவதையும், பால் ஊட்டினாலும் சூடாக வைத்தாலும் அது மீளாமல், தாயின் நாக்கைப் போல ஈரத்தூரிகையால் தேய்த்தால் மட்டும் மீள்வதையும் கண்டனர். மராஸ்மஸ் என்னும் பழைய புதிருக்கு உடலியல் வழியில் கிடைத்த முதல் விடை என்று இதைக் கொள்ளலாம். அவர்களோடு இணைந்த டிஃபனி ஃபீல்ட், 40 குறைமாதக் குழந்தைகளில் பாதிப்பேருக்கு நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், பத்து நாள் உடல் நீவிவிட்டுப் பார்த்ததில், அவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 47 விழுக்காடு கூடுதலாக எடை ஏறினர் என்று 1986இல் அறிவித்தார். மான்ட்ரியலில் மைக்கேல் மீனி குழுவினர், தாய் எலி நக்கிப் பேணிய அளவைப் பொறுத்துக் குஞ்சின் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதியில் மனஅழுத்த ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்குரிய மரபணுவின்மேல் வேதியியல் குறிகள் மாறுவதையும், அம்மாற்றம் முதிர்வயதிலும் நிலைப்பதையும் 2004இல் காட்டினர். தாயின் நாக்கு மரபணுவை மாற்றி எழுதுவதில்லை. எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று அடையாளம் வைக்கிறது.

இந்த இடத்தில் ஆக்சிடோசின் பற்றி ஓர் எச்சரிக்கை பொருந்தும். பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை ஹென்றி டேல் 1906இல் கண்டார்; வின்சென்ட் டு விக்னோ அந்த ஹார்மோனை 1953இல் ஆய்வகத்தில் உருவாக்கி, 1955இல் நோபல் பரிசும் பெற்றார். மகப்பேற்றிலும் பாலூட்டலிலும் அதன் பங்கு உறுதியானது. ஆனால் மூக்கில் தெளித்தால் மனிதர் மனிதரை நம்பத் தொடங்குவர் என்னும் 2005ஆம் ஆண்டு ஆய்வு ‘அன்பு ஹார்மோன்’ என்னும் பெயரை உலகெங்கும் பரப்ப, அம்முடிவை மீண்டும் பெற முயன்றவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினர். இணைபிரியா வாழ்வுக்குப் பேர்போன புல்வெளி எலிகள், ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாமல் பிறந்தாலும் இணை சேர்கின்றன என்று 2023இல் தெரியவந்தது. ஓர் உறவை ஒரு மூலக்கூறுக்குள் அடைக்கும் ஆசை, ஒரு குழந்தையின் சாவை ஒரு கிருமிக்குள் அடைத்த பழைய ஆசையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

அந்தப் பழைய இல்லங்கள் ஐரோப்பாவில் அதற்குள் மறைந்துவிட்டன என்று கருதப்பட்ட வேளையில், 1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தது. மக்கள்தொகையைப் பெருக்குவதற்காகக் கருக்கலைப்பைத் தடைசெய்து 1966இல் பிறப்பித்த 770ஆம் எண் ஆணையின் விளைவாக, வளர்க்க வழியற்றுக் கைவிடப்பட்ட குழந்தைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசு இல்லங்களில் கிடந்தனர். பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண் என்பதே அங்கிருந்த நிலை. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் புக்கரெஸ்ட் நகரின் ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து, சீட்டெடுப்பைப் போல இரண்டாகப் பிரித்து, 68 பேருக்கு வளர்ப்புக் குடும்பங்களைத் தாமே ஏற்பாடு செய்து கொடுத்தனர். மற்ற 68 பேரை இல்லத்திலேயே விடுவது அறமா என்னும் கேள்வி எழுந்தது. அந்நகரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அன்று ஏறக்குறைய இல்லாதிருந்ததும், அரசு எந்தக் குழந்தைக்கு வீடு தேடினாலும் தடுப்பதில்லை என்று அவர்கள் ஒப்பியிருந்ததும் விடையாகச் சொல்லப்பட்டன. விடை முழுமையானதன்று, ஆனால் அந்த ஆய்வு இல்லாமல், குடும்பம் கிடைத்த குழந்தை தேறியதற்கு அது பிறவியிலேயே தேர்ந்த குழந்தை என்பதுதான் காரணம் என்று சொல்பவரை மறுக்க வழியிருந்திருக்காது.

முடிவுகள் தெளிவாக இருந்தன. 54 மாத வயதில் நுண்ணறிவு அளவையில் இல்லத்திலேயே இருந்தவர்களின் சராசரி 73, வளர்ப்புக் குடும்பம் சென்றவர்களுடையது 81, பெற்றோரிடம் வளர்ந்த அக்கம்பக்கத்துக் குழந்தைகளுடையது 109. தலையில் மின்முனை பொருத்திப் பதிவு செய்த மூளை அலைகளில், இல்லத்துக் குழந்தைகளிடம் மந்த அலைகள் மிகுந்தும் விழிப்புக்குரிய ஆல்ஃபா அலைகள் தாழ்ந்தும் இருந்தன. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தில் சேர்ந்தவர்களின் அலைகள் எட்டு வயதில் மற்றக் குழந்தைகளுடையதை ஒத்திருக்க, அதற்குப்பின் சேர்ந்தவர்களுடையது ஒக்கவில்லை. எம்.ஆர்.ஐ. படங்களில் இல்லத்தில் வாழ்ந்த இரு குழுவினருக்கும் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. இதைத் தொடுகையின்மையின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அக்குழந்தைகளுக்குக் கை மட்டுமா கிடைக்கவில்லை, தன்னைப் பார்க்கும் கண்ணும், தன் ஒலிக்கு எதிரொலிக்கும் குரலும், தன் பெயரை அழைக்கும் ஒரே ஆளும் கிடைக்கவில்லை. மூளை இவற்றைத் தனித்தனியாகக் கணக்கெழுதிக்கொள்வதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை, கடும் உடற்குறை இருந்தாலொழிய, இல்லத்தில் சேர்க்கக் கூடாது என்று ருமேனியா 2004இல் சட்டமியற்றியது.

வழக்கம் முழுவதுமாகத் தலைகீழானது ஒரு பற்றாக்குறையால். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இரண்டு மூன்று குழந்தைகளை ஒரே இன்குபேட்டரில் கிடத்த வேண்டியிருந்த, தொற்றால் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த தாய்சேய் மருத்துவமனை ஒன்றில், எட்கர் ரே சனாப்ரியா 1978இல் குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாகக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு எக்தோர் மார்த்தினெஸ் அவரோடு சேர்ந்தார். கங்காரு முறை என்று பெயர் பெற்ற அதை, பணக்கார நாடுகளின் மருத்துவர்கள் வறிய நாட்டின் மாற்று ஏற்பாடு என்றே நெடுநாள் கருதினர். பொகோட்டாவிலேயே 1993 முதல் 1996 வரை 746 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஒப்பீட்டு ஆய்வும், அவர்களில் ஒரு பகுதியினரை இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்த தொடராய்வும் அந்தக் கருத்தைத் தளர்த்தின. எனினும் நிலைத்தேறிய குழந்தைக்கு மட்டுமே அது பொருந்தும், தேறும்வரை இன்குபேட்டரும் பிரிவும்தான் என்பதே 2003ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவன வழிகாட்டியின் நிலைப்பாடாக இருந்தது.

அந்தக் கடைசித் தடையை அகற்றிய ஆய்வு இந்தியா, கானா, நைஜீரியா, மலாவி, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியானது; அதில் இந்தியாவின் நிலையம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகளில், பிறந்தவுடன் தாயோடு சேர்க்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 12.0 விழுக்காடு, தேறிய பின் சேர்க்கப்பட்டவர்களில் 15.7 விழுக்காடு; வேறுபாடு தெளிவானதும், இனியும் பிரித்துவைப்பது முறையன்று என்று ஆய்வை முன்னதாகவே நிறுத்திவிட்டனர். அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் பழைய அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது: குழந்தைகள் கிடந்த அறைக்குள் தாய்மாரின் கட்டில்கள் கொண்டுவரப்பட்டன, தாய்க்கான மகப்பேற்றுச் சிகிச்சையும் அங்கேயே அளிக்கப்பட்டது. அவ்வாறு மாற்றிய அறைகளில் ஒரு குழந்தை தாயின் தோலோடு இருந்த நேரம் நாளுக்கு 16.9 மணி, மாற்றாத அறைகளில் 1.5 மணி.